கல் முகத்துக்குக் கீழே

தலை தாழ்ந்திருக்க வேண்டுமாம். பேருந்திலேயே ஜெயசீலன் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு மூன்று தடவை சொல்லிவிட்டான். திண்டுக்கல்லிலிருந்து எங்கள் இருபத்திரண்டு பேரையும் தாய்லாந்துக்கு மேய்த்துக்கொண்டு வந்திருக்கிற டூர் மேனேஜர் அவன். "அம்மாமாரே, அய்யாமாரே, இப்ப பாக்கப்போற கோயில்ல ஒரு அரசமரம் இருக்கு. அதோட வேருக்குள்ள புத்தரோட தலை இருக்கு. போட்டோ எடுக்கிறவங்க கட்டாயம் கீழ உக்காரணும். நம்ம தலை அவர் தலைக்கு மேல இருக்கக்கூடாது. காவலுக்கு நிக்கிறவங்க விசிலடிப்பாங்க. ஊர் மானத்தைக் காப்பாத்துங்க." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்து முடித்த பிறகுதான் இடுப்பு ஞாபகத்துக்கு வந்தது. வலது இடுப்பில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வருடமாக ஓர் உலோகக் குண்டு உட்கார்ந்திருக்கிறது. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தரையில் உட்காரும் நினைப்பையே விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவசியமானால் மண்டி போடலாம், எதையாவது பிடித்துக்கொண்டு வலது முட்டியை முதலில் இறக்குங்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை. விழுந்து எழுந்தவளுக்குத்தான் தெரியும், தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று. எனக்கு முன்னால் நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு சுகந்தி போகிறாள். என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. பத்தடிக்கு ஒரு தரம் நின்று திரும்பிப் பார்க்கிறாள், நான் வருகிறேனா என்று. வருகிறேன் தாயே, வராமல் எங்கே போகப்போகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் நாலு நாளாக உன் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். சின்னவள் தாரணிக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. முதல் வளையலை நீதான் போட வேண்டும். இவ்வளவுதான் கேட்க வேண்டியது, ஒரு வரி. ஐந்து நாள் பயணத்தில் நாலு நாள் ஓடிவிட்டது, நாளைக்குக் காலையில் விமானம். அந்த ஒரு வரியை இன்னும் கேட்கவில்லை. ஏனென்றால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மூத்தவள் மஞ்சரியின் வளைகாப்பில் அதே முதல் வளையலை அவள் போடவிடாமல் தடுத்தவள் நான்தான்.

செங்கல். எங்கே பார்த்தாலும் செங்கல். காலையில் இரண்டு இடிபாடுகளைப் பார்த்தாயிற்று, இது மூன்றாவது. நானூறு வருடம் இது தலைநகரம், நம்ம அயோத்தி பேரைத்தான் வைத்திருக்கிறார்கள், ஊரைச் சுற்றி மூன்று ஆறு, உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நின்ற ஊர், ஒரு சண்டையில் எதிரி வந்து கொளுத்திவிட்டுப் போனான் என்று உள்ளூர்ப் பெண் ஒருத்தி சொல்லச் சொல்ல ஜெயசீலன் தமிழில் சொல்கிறான். இப்போது புல்லை வெட்டி, பாதை போட்டு, பூங்கா மாதிரி வைத்திருக்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, குப்பை ஒன்று கண்ணில் படவில்லை. பாதை சமமாக இருக்கிறது, என் மாதிரி ஆட்களுக்குக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், அதைச் செய்தவன் நல்லா இருக்கட்டும். சுவரோரமாக வரிசையாகப் புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தலை இல்லை. மடியில் வைத்த கை அப்படியே இருக்கிறது, நிமிர்ந்த முதுகு அப்படியே இருக்கிறது, கழுத்துக்கு மேலே வெயில். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இல்லை, வெட்கமாக இருந்தது. பந்தியில் இலை போட்டும் சோறு விழாதவர்களைப் போல அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அப்படித்தான் அந்த வளைகாப்பு அன்றைக்குச் சுகந்தியும் நின்றாள். மஞ்சரியை மணையில் உட்கார வைத்தாயிற்று, கன்னத்தில் சந்தனம் பூசியாயிற்று, மதுரையில் தெருத்தெருவாக அலைந்து சுகந்தியே வாங்கிவந்த வளையல்கள், பச்சை இரண்டு டஜன், சிவப்பு இரண்டு டஜன். ஏழு வகைச் சாதத்தில் நாலு அவள் கிளறியது. மஞ்சரி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, நான் இல்லையென்று சொல்லவில்லை. அவள் தட்டிலிருந்து ஒரு பச்சை வளையலை எடுத்து, சித்தி போடறேன்டா என்று குனிந்தாள். யாரோ என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஒருவேளை யாருமே கிசுகிசுக்கவில்லையோ என்னமோ, என் மனசேதான் கிசுகிசுத்ததோ என்னமோ. பிள்ளை இல்லாதவள் கையால் முதல் வளையலா. என் கை நீண்டு அந்த வளையலை வாங்கிக்கொண்டது. "நீ இரு சுகந்தி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மூன்று பிள்ளை பெற்ற குஞ்சம்மா அத்தையைக் கூப்பிட்டு அந்த வளையலை அவர் கையில் கொடுத்தேன். சுகந்தி நிமிர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தி முடியும் வரைக்கும் பரிமாறினாள். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, பால் வாங்குகிற இடம் ஒன்று, ரேஷன் கடை ஒன்று. அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சமா நஞ்சமா, ஒரு வாரத்தில் இரண்டு பேரும் ஓய்ந்திருப்போம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். மஞ்சரிக்குப் பையன் பிறந்தான், மூன்றரைக் கிலோ, சுகப்பிரசவம். பார்த்தீர்களா, நல்ல கையாகப் பார்த்து முதல் வளையல் போடவைத்தேன், அதான் பிள்ளை தேர் மாதிரி வந்து நின்றது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில் சொன்னேன். குஞ்சம்மா அத்தைக்கே போதும் போதும் என்றாகியிருக்கும். சுகந்தி காதுக்கு அது போகாமலா இருந்திருக்கும். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை நினைக்கவே கூடாது என்று வைத்திருந்தேன், ஆனால் ஜெயசீலன் அரசமரம் என்று சொன்னானே, அப்போதிருந்து அது வண்டுபோலக் குடைகிறது. அவளுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருடம் இருக்கும். குளத்தங்கரைப் பிள்ளையார் கோயில் அரசமரத்தை நாற்பத்தெட்டு நாள் சுற்றினாள், ஈரப்புடவையோடு, விடிகிற நேரத்தில். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது நான் சொன்னேன், அரசமரத்தைச் சுத்திட்டு அடிவயித்தைத் தொட்டுப் பாத்தாளாம். எல்லோரும் சொல்கிற பழமொழிதான். நானா கண்டுபிடித்தேன். அப்படித்தான் அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது இந்த வெயிலில், இந்தச் செங்கல் சுவரோரம், தலையில்லாத பதினேழாவது புத்தரைக் கடக்கும்போது எனக்குக் கேட்கிறது. நீளமாக ஒரு நிழல் தெரிந்தது, அதில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டினேன், ஒன்றுமில்லை, நட என்று.

பாதைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மவராசன் எவனோ போட்டு வைத்திருக்கிறான். உட்கார்ந்தேன். சுகந்தி குடையை மடக்கிவிட்டு வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "ரெண்டு மொடக்கு குடிங்கக்கா. முகமெல்லாம் செவந்து கெடக்கு." குடித்தேன். "இடுப்பு வலிக்குதா?" இல்லை என்றேன். "வலிச்சா சொல்லிருங்க. அந்த மரத்தைப் பாக்காட்டி என்ன, மரம் கோவிச்சுக்கவா போகுது." பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். இந்த ஊர்ப் பலகாரமாம், வழியில் கடைகடையாக விற்றார்கள், மெல்லிய பச்சை ரொட்டிக்குள் பஞ்சுமிட்டாயை வைத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். எப்போதும் பெரிய பாதிதான். இப்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன், பஞ்சுமிட்டாய் கரைந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. "தித்திப்பு ஜாஸ்தி" என்று சொன்னேன். இதுதானா நான் சொல்ல வந்தது. "ஆமாக்கா" என்று விரலை நக்கினாள், கையில் கண்ணாடி வளையல்கள் சரிந்து முழங்கைப் பக்கம் போய்த் திரும்ப வந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாற்பத்தேழு நாள் படுத்திருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து, ஆப்பரேஷன் முடிந்து, மஞ்சரி கோயம்புத்தூரிலிருந்து வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் பையனுக்குப் பரீட்சை என்று தவித்துக்கொண்டிருந்தாள். தாரணிக்குப் புது வேலை, லீவு இல்லை. அப்பா இருந்தால் இந்தக் கவலை உண்டா என்று இரண்டும் மாறி மாறி அழுதன. அவர் போய் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி அறைக் கதவு திறந்தது. வயர் கூடை ஒன்று உள்ளே வந்தது, பின்னால் அவள் வந்தாள். ஒன்பது வருடம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை, "காலை அசைக்காதீங்கக்கா, தலகாணி நழுவுது." தலையணையைச் சரிசெய்தாள். கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். அவ்வளவுதான். ஏன் வந்தேன், எதற்கு வந்தேன், அன்றைக்கு நீங்கள் இப்படிச் செய்தீர்களே, ஒரு சொல் இல்லை.

நாற்பத்தேழு நாள். மலஜலம் எடுத்தாள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது. வீச்சம் இருக்கிறது, என் கூச்சம் இருக்கிறது, நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேனே அது இருக்கிறது, அப்போது அவள் வேண்டுமென்றே கத்தரிக்காய் விலை, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று சத்தமாகப் பேசுவாளே அது இருக்கிறது. என்னைத் தூக்கி உட்காரவைக்கும்போது என் இரண்டு கையையும் அவள் கழுத்தில் போடச் சொல்வாள். "ஒண்ணு, ரெண்டு, ம்." அந்த ம்-மில் நான் எழுந்துவிடுவேன். இன்றைக்கு நான் நடக்கிறேன், கடல் தாண்டி வந்து யாரோ ராஜா கட்டின கோயிலைச் சுற்றிப் பார்க்கிறேன், பஞ்சுமிட்டாய் தின்கிறேன் என்றால் அந்த ம்-மினால்தான். டாக்டருக்குக் கும்பிடு போட்டேன், நர்சுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், பழநியில் மஞ்சரி எனக்காக முடி இறக்கினாள். இவளுக்கு என்ன செய்தேன். சொந்தத்துக்குள் நன்றி சொல்கிற பழக்கம் நமக்கு ஏது. அந்த வார்த்தையை எடுத்தாலே ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற மாதிரி இருக்கும். ரசம் நல்லா இருக்கு என்றேன் ஒருநாள், அதுதான் என்னால் முடிந்தது. அதற்கே அவள் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு கடன் பட்டிருக்கிறேன் என்று எனக்கல்லவா தெரியும். இதற்கு முன்னாலும் இருக்கிறது. அவர் போன பத்தாம் நாள், என் கை வளையலை உடைக்க வேண்டிய நேரத்தில் சுமங்கலிகள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையாக ஒதுங்கிப் போனார்கள், பார்க்கக்கூடாதாம். சுகந்தி போகவில்லை. பேச்சும் இல்லை, பார்வையும் இல்லை, ஆனால் அறை வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் அந்தக் காலையை நான் கடந்தேன். கடவுளே, எத்தனை பேர் சேர்ந்து என்னைக் கரையேற்றியிருக்கிறார்கள், அதில் எத்தனை தடவை ஒரே ஆள்.

"கிளம்பலாமாக்கா, ஜெயசீலன் கொடியை ஆட்டுறான்." கிளம்பினோம். ஆனால் இதுதான் என் சிக்கல், நான் எதற்குக் கேட்கிறேன். நன்றியிலா, கதியில்லாமலா. நான் தாலியறுத்தவள். பெற்ற மகளுக்கு வளையல் போட எனக்கே இப்போது இடமில்லை. போன வருடம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் குங்குமத் தட்டு என் முன்னால் வந்து, அந்தப் பெண் தட்டை அழகாக என் தலைக்கு மேலே தூக்கி அடுத்தவளுக்கு நீட்டினாள். சிரித்துக்கொண்டுதான் செய்தாள். நீ இரு. அன்றைக்குத்தான் அந்த இரண்டு சொல்லுக்கு எத்தனை எடை என்று எனக்குத் தெரிந்தது. குஞ்சம்மா அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். தாரணியின் மாமியார் போனில், முதல் வளையல் உங்க பக்கம் யாரு போடுறாங்க என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இப்போது போய்ச் சுகந்தியிடம் நின்றால், வேறு ஆள் இல்லாததால் என்னைத் தேடுகிறாள் என்று நினைக்க மாட்டாளா. நினைத்தால் என்ன தப்பு. வேறு ஆள் இருந்தாலும் உன்னைத்தான் கேட்பேன் என்று சொல்லலாம். அது உண்மையா வேதவல்லி என்று என்னை நானே கேட்டேன், கையில் கற்பூரம் ஏற்றிச் சொல்லு. உண்மை. மூன்று வருடமாக உண்மை. அதற்கு முன்னால் உண்மை இல்லை. அப்படியானால் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் செய்தது தப்பு. அதைச் சொல்லாமல் இதைக் கேட்டால், அடித்த கையாலேயே பிச்சை கேட்பதாகும். அவள் மாட்டேன் என்று சொன்னால்? சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. பரவாயில்லைக்கா, வேற யாரையாவது பாருங்க என்று அந்தச் சாதுவான குரலில் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடிப்பேன். பயமாக இருந்தது. இடுப்பு உடைந்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயப்படவில்லை.

மரம் வந்துவிட்டது. பெரிய கூட்டமெல்லாம் இல்லை, ஒரு இருபது பேர் வரிசையில் நின்றார்கள். நம்ம ஊர் அரசமரமேதான், அதே வால் நீண்ட இலை, காற்றில்லாதபோதும் ஆடுகிற இலை. அடிமரம் முழுக்க வேர் பின்னிக் கிடந்தது, அதற்கு நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு கல் முகம். உடம்பு இல்லை, கழுத்து இல்லை. கன்னத்தைச் சுற்றி வேர் வளைந்து, காதோரம் இறங்கி, தாங்கிப் பிடித்திருந்தது. எப்படி வந்தது என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாதாம். வெட்டி எடுத்தவர்கள் தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போனார்கள் என்கிறார்கள், தானாக விழுந்து கிடந்தது என்கிறார்கள். மரம் யாருடைய தலை என்று கேட்டிருக்காது. கீழே கிடந்தது, எடுத்து வைத்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். காவலுக்கு நின்ற பெண் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டி ஆட்டி எல்லோரையும் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பாதி குனிந்து நின்றான், விசில் பறந்தது. எங்கள் முறை வந்தது. சுகந்தி சட்டென்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெயசீலன் போனைப் பிடித்துக்கொண்டு, "வேதவல்லியம்மா, உங்களுக்கு ஆப்பரேசன் ஆன ஒடம்பு. நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க, அவங்களை மட்டும் எடுத்துருவோம்" என்றான். சுகந்தியும், "ஆமாக்கா, நீங்க இருங்க" என்றாள்.

நீங்க இருங்க. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக அக்கறையில் சொன்னாள், முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் என் காதுக்கு அது பன்னிரண்டு வருடம் பயணப்பட்டு வந்து சேர்ந்தது. "இருக்க மாட்டேன்" என்றேன். குடையை அவளிடமிருந்து வாங்கித் தரையில் ஊன்றினேன். வலது முட்டி முதலில். "அக்கா, வேணாம்க்கா, சொன்னாக் கேளுங்க." தரை வந்துகொண்டேயிருந்தது, வந்து சேரவில்லை, உலோகக் குண்டு குழியில் ஒரு சுற்றுச் சுற்றியது, செத்தேன் என்று நினைத்தேன், பிறகு முட்டியில் மண் பட்டது. சூடான மண், மெத்தென்ற மண், அது நல்லா இருக்கட்டும். இடது முட்டியும் இறங்கியது. சுகந்தியின் கை என் முதுகுக்குப் பின்னால் தொடாமல் நின்றது. அப்போதும் என் தலை கல் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்திருக்கும், காவல்காரப் பெண் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். குனிந்தேன். குனிந்தபோது என் முகம் சுகந்தியின் மடிக்கு நேராக இருந்தது. இதற்கு மேல் எப்போது. "சுகந்தி, மஞ்சரி வளைகாப்புல நீ இருன்னு சொன்னேன்ல, அது தப்பு. அரசமரத்தை வச்சுச் சொன்னதும் தப்பு. ரெண்டையும் நீ மறந்திருக்க மாட்ட. நானும் மறக்கல." அவள் புடவை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மா, இங்க பாருங்க, சிரிங்க" என்றான் ஜெயசீலன். "தாரணிக்கு மொத வளையல் நீ போடணும். வேற ஆள் இல்லாம கேக்கல. நீதான் வேணும்னு கேக்குறேன்." க்ளிக் என்று சத்தம் கேட்டது. அந்தப் புகைப்படத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை.

சுகந்தி நேராகக் காமெராவைப் பார்த்தபடியே சொன்னாள். "தாரணி போன மாசமே போன்ல கேட்டுட்டாக்கா. உங்கம்மா வாயால கேக்கட்டும், வர்றேன்னு சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. "ஒண்ணு சொல்றேன், மஞ்சரியைத் திட்டக்கூடாது. வளைகாப்புக்கு மறுநாள் காலைல அவ எங்க வீட்டுக்கு வந்தா. கோயிலுக்குப் போறேன்னு உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு." எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள், வயிற்றுப்பிள்ளைக்காரி வெயிலில் என்னடி கோயில் என்று கத்தினேன். அவள் கையில் பச்சையும் சிவப்பும் அடுக்கு மாறியிருந்ததைப் பார்த்துக்கூட ஒன்றும் தோன்றவில்லை. "போட்ட வளையலை ஒண்ணு விடாம கழட்டி எம் மடியில வச்சா. இப்ப மொதல்ல நீங்க போடுங்க சித்தின்னு கையை நீட்டினா. நான் மாட்டேன்னுட்டேன்க்கா. எனக்கும் பயம்தான. நீங்க நெனச்சதைத்தான் நானும் நெனச்சேன், எங்கையால போட்டு பிள்ளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா. அவ அழுதா, போடாம போக மாட்டேன்னு ஒக்காந்துட்டா. போட்டேன். அவன் பொறந்து அழற வரைக்கும் ரெண்டு மாசம் எனக்குச் சோறு எறங்கல." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அப்புறம் நீங்க ஊரெல்லாம் போய் நல்ல கை, நல்ல கைன்னு சொன்னீங்கள்ல. காய்கறிக் கடையில ஒருநாள் எங்காதுபடவே சொன்னீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து இந்தக் கையை ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்."

வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்றுதானே வளையல் போடுகிறோம். அவன் கேட்டிருக்கிறான். வருடக்கணக்கில் நான் கொண்டாடிய கை இதுதான், நாற்பத்தேழு நாள் என்னைத் தூக்கியதும் இதுதான். நான் பெற்றது எனக்குத் தெரியாமலே என் தப்பைத் துடைத்துவைத்திருக்கிறது, இவள் அதை வாயைத் திறக்காமல் வைத்திருக்கிறாள், இரண்டு பேரும் நல்லா இருக்கட்டும், நூறு வருடம் நல்லா இருக்கட்டும். காவல்காரப் பெண் இப்போது எழுந்திரிக்கச் சொல்லி உள்ளங்கையை மேல்நோக்கி ஆட்டினாள். பின்னால் வரிசை நின்றது. சுகந்தி எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் முன்னால் குனிந்தாள். "கையைக் கழுத்துல போடுங்க." போட்டேன். "ஒண்ணு, ரெண்டு, ம்." என் காதோரத்தில் அவள் வளையல்கள் மொத்தமாகச் சரிந்து குலுங்கின, நான் எழுந்து நின்றேன். நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. விசில் ஒரு தடவை ஊதியது, இன்னொரு தடவையும் ஊதியது. ஊதட்டும், ஊர் மானத்தை ஜெயசீலன் பார்த்துக்கொள்வான்.